லிபுலேக் வழி: கயிலைக்கு நடந்த பாதையின் வரலாறு

இந்தியா, நேபாளம், திபெத் மூன்றும் நெருங்கிவரும் மூலையில், ஏறத்தாழ 5,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது லிபுலேக் கணவாய். உத்தராகண்டின் பித்தோராகட் மாவட்டத்தில் காளி ஆற்றை ஒட்டி ஏறிவரும் பாதை இதைத் தாண்டி, மறுபுறம் தக்லாகோட் என்ற திபெத்தியச் சந்தை ஊருக்கு இறங்குகிறது. அங்கிருந்து மானசரோவர் ஏரியும் கயிலை மலையும் சில நாள் நடைத் தொலைவில் உள்ளன. வண்டிப்பாதை இல்லாத காலத்தில் அல்மோராவிலிருந்து கயிலைவரை ஏறத்தாழ 240 மைல். போய், வலம் வந்து, திரும்ப 2 மாதம் பிடிக்கும். அந்த 2 மாதத்துக்கு எப்போது கிளம்புவது, எதைச் சுமப்பது, யாரோடு போவது, யாரிடம் அனுமதி பெறுவது என்ற நான்கு கேள்விகளுக்கும் காலந்தோறும் வேறு வேறு விடைகள் கிடைத்திருக்கின்றன. இந்தப் பாதையின் வரலாறு பெரும்பாலும் அந்த விடைகளின் வரலாறுதான். பாதையைப் போட்டு, ஆண்டுதோறும் செப்பனிட்டு, உயிரோடு வைத்திருந்தவர்கள் உப்பும் கம்பளியும் ஏற்றிச் சென்ற எல்லைப்புற வணிகர்கள். யாத்திரிகர்கள் அவர்கள் பின்னால் நடந்தார்கள்.

முதல் கேள்விக்கு விடை சொன்னது பனி. இலையுதிர்காலத்தில் மூடத் தொடங்கும் கணவாய், அடுத்த ஆண்டு மே கடைசியிலோ ஜூனிலோதான் சுமையோடு கடக்கத் தக்கதாகும். ஆக ஜூன் முதல் செப்டம்பர்வரை என்று ஒரு சிறு இடைவெளியே உண்டு. ஆனால் குமாவூன் மலைகளில் பருவமழை கொட்டுவதும் அதே மாதங்களில்தான். கணவாய் திறந்திருக்கும்போது அதற்குக் கீழே உள்ள பள்ளத்தாக்கில் மண் சரியும், ஓடைகள் பாலங்களை அடித்துச் செல்லும். மலைத்தொடரைத் தாண்டிவிட்டால் மழைமறைவு நிலம்; வறண்ட காற்றும் சுடும் வெயிலும் இரவில் உறைபனியும். ஒரே பயணத்தில் நனையாமலிருக்க ஒரு ஏற்பாடு, குளிருக்கு ஒரு ஏற்பாடு, பிற்பகலில் எழும் புழுதிக்காற்றுக்கு இன்னொரு ஏற்பாடு. மழை தீவிரமாகும்முன் போய்விட வேண்டும் என்று ஜூன் தொடக்கத்தில் கிளம்பினால் கணவாயில் பனி இடுப்பளவு கிடக்கலாம். தாமதித்தால் திரும்பும் வழி சரிவில் மாட்டும். இந்த இழுபறி இன்றும் தீரவில்லை.

காளிப் பள்ளத்தாக்கின் கடினமான பகுதி கணவாய்க்கு மிகக் கீழே, ஜிப்திக்கும் மால்பாவுக்கும் இடையில் இருந்தது. நிர்பானி என்று பெயர்பெற்ற இந்தச் செங்குத்துப் பாறைச்சுவரில் படிகளை வெட்டியும் கல் அடுக்கியும் வழி அமைத்திருந்தார்கள். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் கீழே நுரைத்து ஓடும் காளி. சுமையேற்றிய விலங்கு எதிரே வந்தால் நடப்பவர் பாறையோரம் ஒண்டி நிற்பார். ஆற்றுப்பக்கம் நின்றால் சுமைமூட்டை இடித்துத் தள்ளிவிடும். இந்தப் பாதையில் நடக்கத் தொடங்கும் எவருக்கும் அன்றும் பிற்காலத்திலும் சொல்லப்பட்ட முதல் பாடம் இதுவே.

இந்தப் பள்ளத்தாக்குகளில் வாழ்பவர்கள் ஷௌகா மக்கள். வெளியார் போட்டியா என்பர். பியான்ஸ், சௌதான்ஸ், தார்மா பள்ளத்தாக்குகளில் உள்ளவர்கள் தங்களை ரங் என்றும் அழைத்துக்கொள்கிறார்கள். புதி, கர்பியாங், குஞ்சி, நாபி, குடி ஆகியவை பியான்ஸின் ஊர்கள். கோடையில் இவ்வூர்களில் வாழ்ந்து, குளிர்காலத்தில் தார்ச்சூலாப் பக்கம் இறங்கிவிடுவது அவர்கள் வழக்கம். திபெத்திலிருந்து உப்பு, கம்பளி, வெண்காரம் வரும். இங்கிருந்து தானியம், துணி, வெல்லம் போகும். வணிகத்தின் முதுகெலும்பு செம்மறியும் வெள்ளாடும்தான். ஒவ்வொன்றின் முதுகிலும் இருபக்கம் தொங்கும்படி கம்பளியும் தோலும் சேர்த்துத் தைத்த கர்பச் என்னும் சிறு இரட்டைப்பை. ஒரு விலங்குக்குச் சில கிலோவே சுமை. ஆனால் மந்தையில் நூற்றுக்கணக்கில் இருக்கும், வழியில் தானே மேய்ந்துகொள்ளும், குதிரை கால்வைக்கத் தயங்கும் பாறையிலும் ஏறும். தீவனம் சுமக்கத் தேவையில்லாத இந்தப் போக்குவரத்தால்தான் அவ்வளவு உயரத்தில் வணிகம் கட்டுப்படியானது.

கடன் கொடுக்கல் வாங்கலுக்கு நீதிமன்றமோ காவலோ இல்லாத எல்லையில் நம்பிக்கையே பத்திரம். ஷௌகா வணிகர் ஒவ்வொருவருக்கும் மறுபுறம் பரம்பரைக் கூட்டாளி ஒருவர் உண்டு. அவரை மித்ரர் என்பார்கள். உறவு ஏற்படும்போது ஒரு கல்லை இரண்டாக உடைத்து ஆளுக்கொரு பாதி வைத்துக்கொள்ளும் வழக்கம் இருந்தது. பின்னாளில் மகனோ பணியாளோ அந்தப் பாதிக் கல்லோடு வந்தால், மற்ற பாதியோடு பொருத்திப் பார்த்துவிட்டுச் சரக்கைக் கொடுப்பார்கள். கோடைதோறும் வணிகம் தொடங்கும்முன் திபெத்திய அதிகாரியின் ஆள் இந்தப் பக்கம் வந்து, ஊர்களில் கொள்ளைநோயோ பஞ்சமோ கலவரமோ இல்லை என்று உறுதிசெய்த பிறகே வழி திறக்கப்படும். யாத்திரிகருக்கும் அந்தத் திறப்பே பொருந்தியது. தக்லாகோட்டில் மண்டி கூடும் மாதங்களில் அவர் போனால் துணை உண்டு, உணவு விலைக்குக் கிடைக்கும், மொழி தெரிந்தவர்கள் இருப்பார்கள். மண்டி கலைந்தபின் போனால் ஆளற்ற மேட்டுநிலத்தில் கொள்ளையரிடம் சிக்கும் ஆபத்துதான்.

யாத்திரை எவ்வளவு பழையது என்பது வேறு கேள்வி. மகாபாரதமும் புராணங்களும் காளிதாசரின் மேகதூதமும் கயிலையைப் பாடுகின்றன. சமணர் முதல் தீர்த்தங்கரர் ரிஷபர் முக்தியடைந்த அஷ்டபதத்தை இதனோடு சேர்க்கிறார்கள். பௌத்தரும், அவர்களுக்கு முந்திய பொன் சமயத்தாரும் இம்மலையை வலம்வருகிறார்கள். பொன் சமயத்தார் மட்டும் இடமாகச் சுற்றுவர். ஸ்கந்த புராணத்தின் பகுதி எனப்படும் மானச கண்டம், குமாவூன் வழியாக ஏரிக்குப் போகும் பாதையையும் வழியிலுள்ள தீர்த்தங்களையும் வரிசையாகச் சொல்கிறது. ஒருவகையில் இது இப்பாதையின் முதல் வழிகாட்டி நூல். தமிழில் சேக்கிழார் பெரியபுராணத்தில் திருநாவுக்கரசரின் கயிலைப் பயணத்தை விரிவாகப் பாடியுள்ளார். காளத்தி, திருப்பருப்பதம், வாரணாசி என்று வடக்கே போன அப்பர், கால் தேய்ந்தபின் கையால் தவழ்ந்தும், மார்பால் ஊர்ந்தும், உருண்டும் சென்றதாகவும், இறைவன் ஆணைப்படி ஒரு பொய்கையில் மூழ்கித் திருவையாற்றில் எழுந்து அங்கேயே கயிலைக் காட்சி கண்டதாகவும் அது கூறுகிறது. ஆடி அமாவாசையன்று திருவையாற்றில் இது இன்றும் விழா. சைவத் தமிழர் மனத்தில் கயிலை எத்தனை ஆழத்தில் இருந்தது என்பதற்கும், அங்கே உடலோடு போய்ச் சேருவது எத்தனை அரிதெனக் கருதப்பட்டது என்பதற்கும் ஒருசேரச் சான்று இது. உண்மையில் பல நூற்றாண்டுகள் இவ்வழியே சென்றவர்கள் பெரும்பாலும் துறவிகளே. இல்லறத்தார் திரளாகப் போவது 20ஆம் நூற்றாண்டின் வளர்ச்சி என்று அலெக்ஸ் மெக்கே 2015இல் வெளியிட்ட ஆய்வில் வாதிடுகிறார். அந்த வாதத்தில் வலு இருக்கிறது.

எல்லை என்பது இங்கே நெடுங்காலம் கோடாக இருக்கவில்லை. 1684ஆம் ஆண்டு லடாக்குக்கும் திபெத்துக்கும் ஏற்பட்ட திங்மோஸ்காங் உடன்படிக்கை, மேற்குத் திபெத்துக்குள் இருந்த மின்சார் என்ற ஊரின் வருவாயை லடாக் அரசருக்கு விட்டுவைத்தது. கயிலையிலும் மானசரோவரிலும் விளக்கு, வழிபாட்டுச் செலவுக்காக அந்த ஏற்பாடு. பின்னர் காஷ்மீர் அரசர்கள் அந்த உரிமையைத் தொடர்ந்தார்கள். கயிலையின் அடிவாரத்தில் கிரிவலம் தொடங்கும் தார்ச்சென் ஊரோ 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை பூட்டானுக்கு உரியதாக இருந்தது. திபெத்துக்குள் ஒரு மலையைச் சுற்றி லடாக்கின் ஊரும் பூட்டானின் ஊரும். வழிபாட்டுக்காக நிலம் விட்டுக்கொடுக்கும் பழைய ஆட்சிமுறை இது. பிற்காலத் தேசப்படங்களில் இதற்கு இடம் கிடைக்கவில்லை.

கோடுகள் வரத் தொடங்கியது போர்களுக்குப் பிறகு. ஆங்கிலேயருக்கும் கூர்க்கர்களுக்கும் நடந்த போரின் முடிவில் ஏற்பட்ட சுகௌலி உடன்படிக்கை 1816இல் உறுதியாகி, காளி ஆறு நேபாளத்தின் மேற்கெல்லை ஆயிற்று. பியான்ஸ் ஊர்களில் காளிக்குக் கிழக்கே இருந்த திங்கரும் சாங்ருவும் 1817இல் நேபாளத்திடம் போயின. ஒரே மொழி பேசி ஒரே மேய்ச்சல் நிலத்தைப் பகிர்ந்த உறவினர்கள் இரு நாட்டவர் ஆனார்கள். காளி எந்த ஓடையில் பிறக்கிறது என்ற கேள்வி அன்றே தெளிவாகத் தீர்க்கப்படாததன் விலை 200 ஆண்டு கழித்தும் கொடுக்கப்படுகிறது. 1841இல் ஜம்மு தளபதி ஜோராவர் சிங் மேற்குத் திபெத்துக்குள் படையெடுத்துவந்து, அவ்வாண்டு டிசம்பரில் தக்லாகோட்டுக்கு அருகே தோயோவில் கொல்லப்பட்டார். கோடைக்கு மட்டும் இடம்தரும் நாட்டில் குளிர்காலத்தில் படையோடு நின்றது அவருடைய வீழ்ச்சிக்குப் பெரிய காரணம். அவர் நினைவிடத்தை யாத்திரிகர்கள் வழியில் காண்பதுண்டு.

ஐரோப்பியருக்குத் திபெத் தடைசெய்யப்பட்ட நாடு. 1812இல் வில்லியம் மூர்க்ராஃப்டும் ஹைதர் ஹியர்சேயும் கோசாயி என்னும் துறவிகளாக வேடமிட்டு நீதி கணவாய் வழியாக மானசரோவரை அடைந்தார்கள். அவர்களுக்குத் தேவைப்பட்டது பஷ்மினா கம்பளியும் நல்ல குதிரைகளும். யாத்திரிகருக்கு யாரும் தடை சொல்வதில்லை என்பதால் யாத்திரை வேடம் நல்ல கடவுச்சீட்டாயிற்று. 1846இல் ஹென்றி ஸ்ட்ரேச்சி, லாம்பியா தூரா கணவாய் வழியாகப் போய் மானசரோவரையும் அதை அடுத்துள்ள ராட்சச தால் ஏரியையும் ஆராய்ந்தார். இந்த அளவீட்டு வரலாற்றில் முதன்மையானவர் மிலாம் ஊரின் ஷௌகா குடும்பத்தில் பிறந்த நைன் சிங். 1865இல் காட்மாண்டுவிலிருந்து கிளம்பி லாசா சென்று, திரும்பும்போது சாங்போ ஆற்றோடு மேற்கே நடந்து மானசரோவர் வழியாக 1866இல் இந்தியா வந்து சேர்ந்தார். ஒவ்வொரு காலடியும் ஒரே நீளத்தில் விழும்படி ஆங்கிலேய அளவையாளர்கள் அவருக்குப் பயிற்சி தந்திருந்தார்கள். கையில் இருந்த ஜபமாலையில் 108க்குப் பதில் 100 மணிகள். 100 காலடிக்கு ஒரு மணி தள்ளுவார். பிரார்த்தனைச் சக்கரத்துக்குள் மந்திரச் சுருளுக்குப் பதிலாக வெற்றுத் தாள். திசையும் தூரமும் அதில் ஏறும். ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர் பாதை இவ்வாறு காலால் அளக்கப்பட்டது. பிற்காலத்தில் அறைக்குள் உட்கார்ந்து பயணத்தைத் திட்டமிட்டவர்கள் விரித்துவைத்த வரைபடங்களின் அடியில் இந்த எல்லைப்புற மனிதரின் காலடி எண்ணிக்கை இருக்கிறது.

1884இல் ரயில் காத்கோதாமுக்கு வந்தது. சமவெளியிலிருந்து மலையடிவாரம்வரை நடந்தே வந்த யாத்திரிகருக்குப் பல வாரங்கள் மிச்சம். 1904இல் திபெத்துக்குள் ஆங்கிலேயர் நடத்திய யங்ஹஸ்பண்ட் படையெடுப்பின் முடிவில் ஏற்பட்ட லாசா உடன்படிக்கை மேற்குத் திபெத்தின் கார்தோக்கில் ஆங்கிலேய வணிகத்துக்கு இடம் வாங்கித் தந்தது. அடுத்த ஆண்டே அல்மோரா துணை ஆணையர் சார்லஸ் ஷெர்ரிங் லிபுலேக் தாண்டி மேற்குத் திபெத்தைச் சுற்றிவந்தார். உடன்சென்ற டாம் லாங்ஸ்டாஃப், ஏரிக்குத் தெற்கே 7,694 மீட்டர் உயரத்தில் நிற்கும் குர்லா மாந்தாதா சிகரத்தில் ஏற முயன்றார். 1907இல் சுவீடன் நாட்டு ஸ்வென் ஹெடின் சிறு படகில் மானசரோவரின் ஆழத்தை அளந்தார். கயிலையை வலம்வந்த முதல் ஐரோப்பியரும் அவரே. 1931இல் மைசூர் மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையார் யாத்திரை சென்றுவந்தது தென்னாட்டில் இப்பாதையைப் பரவலாகத் தெரியவைத்தது.

யாத்திரிகருக்கான முறையான கையேடு உருவானது சுவாமி பிரணவானந்தரின் உழைப்பால். ஆந்திரத்தைச் சேர்ந்த இவர் 1928இல் முதலில் சென்றார். 1930களிலும் 40களிலும் மீண்டும் மீண்டும் அங்கே போய், 1936-37 குளிர்காலத்தை மானசரோவர் கரையிலுள்ள துகோல்ஹோ மடத்தில் கழித்து, ஏரி உறைவதையும் உருகுவதையும் நாள்தோறும் குறித்தார். நேருவின் முன்னுரையோடு 1949இல் வெளியான அவருடைய 'கைலாஸ்-மானசரோவர்' என்ற ஆங்கில நூலில் ஒவ்வொரு தங்குமிடத்துக்கும் இடையே எத்தனை மைல், எங்கே தண்ணீர், எங்கே விறகு, எங்கே சத்திரம், எந்த ஓடையை எத்தனை மணிக்குள் கடக்க வேண்டும் என்பதெல்லாம் அட்டவணைகளாக உண்டு. பனியுருகி வரும் ஓடைகள் காலையில் முழங்காலளவும் மாலையில் மார்பளவும் ஓடும். அந்த ஒரு குறிப்பே பலர் உயிரைக் காத்திருக்கும். பக்திநூல்கள் சொல்லாமல் விட்டதை ஒரு துறவியே உட்கார்ந்து எழுதினார்.

அந்தக் காலத்து ஏற்பாடு எப்படி நடந்தது என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். அல்மோராவில் கூலியாட்களையோ குதிரைகளையோ அமர்த்திக்கொண்டு தார்ச்சூலா வருவார்கள். அங்கிருந்து மேலே செல்ல ஆட்களை மாற்ற வேண்டும். கீழ்நாட்டுக் கூலிகள் உயரத்துக்குப் பழகாதவர்கள். கடைசி அஞ்சலகம் இருந்த கர்பியாங்கில்தான் உண்மையான பயணக்குழு உருவாகும். திபெத்துக்கு வேண்டிய கூடாரம், கம்பளி உடை, சுமைக்கு ஜிப்பு என்ற யாக்-பசுக் கலப்பு எருது, ஏறிச்செல்லக் குதிரை, இவற்றோடு திபெத்திய மொழி பேசும் வழிகாட்டி ஒருவர். துப்பாக்கி உள்ள வழிகாட்டிக்கு மதிப்பு அதிகம். பலர் கர்பியாங்கில் சில நாள் தங்குவார்கள். ஆட்களுக்காகக் காத்திருப்பதாகச் சொன்னாலும், அந்தத் தங்கலால் 3,000 மீட்டருக்கு மேலான காற்றுக்கு உடல் பழகிவிடும். கணவாயில் தலைவலியும் வாந்தியும் குறையும். காகித நோட்டு திபெத்தில் செல்லாது. வெள்ளி ரூபாயாக மாற்றி எடுத்துச்செல்ல வேண்டும். அந்தச் சுமையை யாரிடம் நம்பிக் கொடுப்பது என்பதே ஒரு கவலை.

உணவில் சத்து மாவு, வெல்லம், உலர்பழம், நெய் ஆகியவை முதன்மை. ஏரிக்கரையின் உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 85 டிகிரியிலேயே கொதித்துவிடும். பருப்பு எவ்வளவு நேரம் அடுப்பில் இருந்தாலும் வேகாது, அரிசி நடுவில் கடிபடும். மரமற்ற நிலத்தில் விறகும் கிடையாது. யாக் சாணமும் தமா என்ற முட்செடியும்தான் எரிபொருள். சமைக்காமலே தின்னக்கூடிய வறுத்த மாவு அங்கே வேரூன்றியதற்கு இந்த இரண்டு காரணமும் போதும். திபெத்தியரின் சம்பாவும் வறுத்த பார்லி மாவே.

தக்லாகோட்டில் குன்றின்மேல் ஷிம்பிலிங் மடமும் ஜோங்பென் என்ற ஆட்சியரின் கோட்டையும் இருந்தன. கீழே கர்னாலி ஆற்றங்கரையில் மண்டி. அங்கிருந்து குர்லா கணவாய் ஏறினால் ஒரு பக்கம் ராட்சச தால், மறுபக்கம் மானசரோவர், எதிரே கயிலை மூன்றும் ஒருசேரக் கண்ணில் படும். மானசரோவர் 4,590 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதைச் சுற்றிவர 3 அல்லது 4 நாள். கயிலையின் உயரம் 6,638 மீட்டர். அதன்மேல் ஏறுவதை எந்தச் சமயமும் ஏற்பதில்லை. தார்ச்செனில் தொடங்கித் தார்ச்செனில் முடியும் கிரிவலம் 52 கிலோமீட்டர். இந்தியர் 3 நாளில் முடிப்பார்கள். திபெத்தியர் பலர் விடியுமுன் கிளம்பி ஒரே நாளில் முடித்துவிடுவார்கள். நடுவே 5,630 மீட்டர் உயரத்தில் டோல்மா கணவாய். முழு யாத்திரையிலும் மிக உயரமான இடம் அதுவே, லிபுலேக்கைவிட 500 மீட்டர் அதிகம். 12 ஆண்டுக்கொருமுறை வரும் குதிரை ஆண்டில் ஒரு வலம் பல வலங்களுக்குச் சமம் என்பது திபெத்தியர் நம்பிக்கை. அவ்வாண்டுகளில் கூட்டம் மிகும்.

அனுமதி என்ற நான்காவது கேள்வி, நாடுகள் கையெழுத்திடும் விஷயமாக மாறியது 1954 ஏப்ரல் 29இல். பஞ்சசீலக் கொள்கைகளை முகப்பில் கொண்ட இந்திய-சீன உடன்படிக்கை அன்று பெய்ஜிங்கில் கையெழுத்தாயிற்று. வணிகரும் யாத்திரிகரும் செல்லத் தக்கவை என ஷிப்கி, மானா, நீதி, குங்ரி பிங்ரி, தார்மா, லிபுலேக் ஆகிய 6 கணவாய்களை அது பெயர் சொல்லிக் குறித்தது. யாத்திரிகர் எந்தச் சான்றுப் பத்திரமும் கொண்டுவரத் தேவையில்லை, எல்லைச் சாவடியில் பதிவுசெய்து அனுமதிச்சீட்டு பெற்றால் போதும் என்பது அதன் ஒரு விதி. திபெத்திலிருந்து வருவோர் காசி, சாரநாத், கயா, சாஞ்சி செல்லலாம் என்றும் அதில் உண்டு. பழைய வழக்கத்தைக் காகிதத்தில் காப்பாற்ற முயன்ற நல்ல ஆவணம் அது. ஆயுள் 8 ஆண்டே.

1959இல் திபெத்தியக் கிளர்ச்சி ஒடுக்கப்பட்டு தலாய் லாமா இந்தியா வந்தபின் யாத்திரை சுருங்கியது. 1962இல் உடன்படிக்கை புதுப்பிக்கப்படாமல் காலாவதியானது. அவ்வாண்டே இந்திய-சீனப் போர் வந்து கணவாய்கள் எல்லாம் மூடப்பட்டன. யாத்திரிகருக்கு ஒரு புண்ணியத்தலம் கைநழுவியது. ஷௌகா மக்களுக்குப் பிழைப்பே போயிற்று. மித்ரர்களிடம் இருந்த கடனும் சரக்கும் மறுபுறம் தங்கிவிட்டன. ஆட்டுமந்தைகள் விற்கப்பட்டன, மேலூர்கள் காலியாகத் தொடங்கின. 1967இல் இச்சமூகத்தார் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்டபின் பலர் படிப்பு, அரசுப் பணி என்று வேறு வழி கண்டார்கள். மறுபுறத்தில் கலாசாரப் புரட்சிக் காலத்தில் ஷிம்பிலிங் மடமும் கயிலை, மானசரோவரைச் சுற்றியிருந்த மடங்களும் இடிக்கப்பட்டன. சில பின்னர் சிறிய அளவில் மீண்டும் கட்டப்பட்டன.

ஏறத்தாழ 20 ஆண்டு இடைவெளிக்குப்பின் 1981இல் வழி திறந்தது. அவ்வாண்டு ஏப்ரலில் அப்போதைய நாடாளுமன்ற உறுப்பினர் சுப்பிரமணியன் சுவாமி பெய்ஜிங்கில் டெங் சியாவோபிங்கைச் சந்தித்து இக்கோரிக்கையை வைத்தார். ஜூனில் சீன வெளியுறவு அமைச்சர் ஹுவாங் ஹுவா டெல்லி வந்தபோது இசைவு உறுதியாயிற்று. செப்டம்பரில் முதல் குழு சென்றது. சுவாமியும் அதில் இருந்தார். ஆனால் திரும்பிவந்தது பழைய யாத்திரை இல்லை. வெளியுறவு அமைச்சகம் விண்ணப்பம் வாங்கும், குலுக்கலில் பெயர் எடுக்கும், குழு பிரிக்கும், ஒவ்வொரு குழுவுக்கும் தொடர்பு அலுவலர் ஒருவரை நியமிக்கும். குமாவூன் மண்டல் விகாஸ் நிகம் தங்குமிடமும் உணவும் பார்த்துக்கொள்ளும். இந்தோ-திபெத் எல்லைக் காவல்படை உடன்வரும். டெல்லியில் மருத்துவப் பரிசோதனை. குஞ்சியில் மறுபடி பரிசோதனை. இரத்த அழுத்தம் ஏறியிருந்தால் அங்கிருந்தே திருப்பி அனுப்பிவிடுவார்கள். கர்பியாங்கில் காத்திருந்து உடல் பழகியதை இப்போது கருவிகள் சோதித்தன.

தவாகாட்டிலிருந்து சிர்கா, காலா, புதி, குஞ்சி, காலாபானி, நாபிடாங் என நாளுக்கொரு தங்கல். காலாவிலிருந்து ஆற்றங்கரைக்கு இறங்கும் கற்படிகள் 4,444 என்பது யாத்திரிகரிடையே வழங்கும் கணக்கு. இறங்கி முடிக்கையில் முழங்கால் நடுங்கும். நாபிடாங்கிலிருந்து அதிகாலை 2, 3 மணிக்கே டார்ச் வெளிச்சத்தில் கிளம்புவார்கள். வெயில் ஏறிக் காற்று கிளம்பும்முன் கணவாயைத் தாண்டிவிட வேண்டும் என்ற ஷௌகா வணிகரின் பழைய விதி அதில் தொடர்ந்தது. உச்சியில் போகும் குழுவை இந்தியத் தரப்பு ஒப்படைக்கும் நேரத்திலேயே, திரும்பும் முந்தைய குழுவைச் சீனத் தரப்பு ஒப்படைக்கும். பனிக்காற்றில் இரு குழுக்களும் சில நிமிடம் முகம் பார்த்து வாழ்த்திக்கொண்டு எதிரெதிரே இறங்கிவிடும். 1992இல் எல்லை வணிகமும் லிபுலேக் வழியாக மீண்டும் தொடங்கியது. பழைய மண்டியின் அளவை அது எட்டவில்லை.

பருவமழையோடு இருந்த பழைய இழுபறி மிகக் கொடிய முகம் காட்டியது 1998 ஆகஸ்ட் 18ஆம் தேதி விடியற்காலையில். மால்பாவில் யாத்திரைக் குழு ஒன்று தங்கியிருந்தபோது மலை சரிந்து முகாமையும் ஊரையும் மூடியது. 60 யாத்திரிகர் உள்பட 200க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஒடிசி நடனக் கலைஞர் புரோதிமா பேடி அவர்களில் ஒருவர். சுமைதூக்குவோர், குதிரைக்காரர், காவலர் என்று பெயர் வெளியே தெரியாத உள்ளூர் உழைப்பாளிகளும் அதில் அடக்கம். செங்குத்துப் பாறையின் காலடியில், ஆற்றோரம் இரவு தங்குவது எத்தனை ஆபத்து என்பது அத்தனை உயிர் கொடுத்துத் தெரிந்துகொண்ட பாடம். அதன்பின் மால்பாவில் இரவுத் தங்கல் கைவிடப்பட்டது.

நடக்க இயலாதோருக்கு வேறு வழிகளும் வந்தன. நேபாளத்தின் சிமிகோட்டிலிருந்து ஹில்சா வழியாகவும், காட்மாண்டுவிலிருந்து சாலை வழியாகவும் தனியார் நிறுவனங்கள் ஆட்களை அழைத்துச் செல்கின்றன. தமிழ்நாட்டிலிருந்து போவோர் பலர் இவற்றையே நாடுகிறார்கள். மானசரோவர் யாத்திரிகருக்கு மானியம் தரும் திட்டத்தைத் தமிழக அரசு 2012இல் அறிவித்தது. 2015இல் சிக்கிமின் நாதுலா வழி திறக்கப்பட்டது. அதில் ஏறத்தாழ முழுத் தொலைவும் வண்டியில்தான்.

லிபுலேக் பாதையிலும் நடை பெருமளவு முடிவுக்கு வந்தது. எல்லைச் சாலை நிறுவனம் பாறையைக் குடைந்து போட்ட சாலையை 2020 மே 8ஆம் தேதி பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங் திறந்துவைத்தார். ஒரு வாரத்துக்கு மேல் நடந்த தூரத்தை இனி வண்டி கடக்கும். நேபாளம் உடனே எதிர்ப்புத் தெரிவித்து, காலாபானி, லிபுலேக், லிம்பியாதூரா மூன்றையும் தன் எல்லைக்குள் காட்டும் புதிய தேசப்படத்தை அதே மாதம் வெளியிட்டது. 1816இல் விட்டுப்போன காளியின் பிறப்பிடக் கேள்விதான் அதன் வேர். கொரோனா தொற்றும் லடாக் எல்லை மோதலும் சேர்ந்து 2020 முதல் 2024வரை யாத்திரை நடக்கவில்லை. அந்த இடைக்காலத்தில், 2024 அக்டோபரில், பழைய லிபுலேக் என்னும் உயரமான முகட்டிலிருந்து இந்திய மண்ணில் நின்றே கயிலையைக் காணும் ஏற்பாடு தொடங்கியது. 2025 கோடையில் யாத்திரை மீண்டும் நடந்தது: லிபுலேக் வழியாக 50 பேர் கொண்ட 5 குழுக்கள், நாதுலா வழியாக 10 குழுக்கள், மொத்தம் 750 பேர்.

சாலை வந்ததில் இழப்பும் உண்டு, நன்மையும் உண்டு. நோயாளியை ஒரே நாளில் தார்ச்சூலா மருத்துவமனைக்குக் கொண்டுவர முடிகிறது. குஞ்சியிலும் நாபியிலும் குடியிலும் வீடுகள் செப்பனிடப்பட்டு விருந்தினர் தங்குகிறார்கள். அருகிலுள்ள ஆதி கயிலாயம், ஓம் பர்வதம் ஆகிய சிகரங்களைப் பார்க்க வருவோரால் ஷௌகா இளைஞருக்குக் கோடையில் சொந்த ஊரிலேயே வருமானம். அதேசமயம் சில நாளில் 3,000 மீட்டர் ஏறிவிடும் பயணிக்கு உடல் பழகும் அவகாசம் குறைந்துவிட்டது. நடந்து ஏறியபோது தானாக நிகழ்ந்ததை இப்போது குஞ்சியில் கூடுதல் நாள் நிறுத்தி ஈடுகட்ட வேண்டியிருக்கிறது. அந்தப் பழைய நடையில் யாத்திரிகரின் காலுக்கு இன்று மிஞ்சியிருப்பவை லிபுலேக் உச்சியை ஒட்டிய சிறு தூரமும், தார்ச்செனிலிருந்து டோல்மா கணவாய் ஏறி இறங்கும் 52 கிலோமீட்டர் கிரிவலமும்.